முழம் எக்ஸா, உயரம் எக்ஸா? பத்தாவது கணக்கில் ஒரு சந்தேகம்

தையல் அக்கா, திருவல்லிக்கேணி

எல்லோருக்கும் வணக்கம். ஜாம்பஜார் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பன்னிரண்டாவது வரை படித்தேன், அதுவும் வணிகவியல். அதற்குப் பிறகு எனக்குக் கணக்கு என்றால் ரவிக்கைத் துணியும் கரண்ட் பில்லும்தான். மகள் பத்தாவது, ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம். முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்', இங்கிலீஷில் ரிலேஷன், ஃபங்ஷன்.

போன வாரம் வகுப்பில் ஒரு சின்னத் தேர்வு. புத்தகத்தில் இருக்கும் கணக்குதான். முன்னங்கை நீளம் சென்டிமீட்டரில், அந்த ஆளின் உயரம் இன்ச்சில், நாலு ஜோடி. 35க்கு 56, 45க்கு 65, 50க்கு 69.5, 55க்கு 74. கை நீளம் எக்ஸ், உயரம் ஒய். இதில் சாரா மாறி எது, சார்ந்த மாறி எது, காரணத்தோடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் பெண் 'உயரம்தான் சாரா மாறி, உயரமாக இருப்பவர்களுக்குத்தான் கை நீளமாக இருக்கும், அதனால் கை உயரத்தைச் சார்ந்தது' என்று எழுதிவிட்டாள். பூஜ்யம். அழவில்லை, ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

எனக்கென்னவோ அவள் சொன்னதுதான் சரியென்று படுகிறது. இருபது வருஷமாக ஆட்களை டேப் வைத்து அளக்கிறேன். கை நீண்டதால் யாரும் உயரமாகிப் பார்த்ததில்லை.

கூடவே இன்னும் இரண்டு கேள்வி. அம்புக்குறி போட்ட படங்களில், இரண்டு பேரிடமிருந்து கிளம்பும் அம்பு ஒரே இடத்தில் போய் முடிந்தால் சார்பாம். ஒருவரிடமிருந்து இரண்டு அம்பு கிளம்பினால் சார்பு இல்லையாம். ஏன் இந்த ஓரவஞ்சனை? மனப்பாடம் பண்ணிக்கொள் என்று சொல்ல மனசு வரவில்லை.

அப்புறம், ஒரே கை நீளத்தில் இரண்டு உயரம் இருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். பிறகு எப்படி இது சார்பு ஆகும்?

மீட்டர் அண்ணன், புரசைவாக்கம்

அக்கா, அம்புக்குறி கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மற்றதற்குப் படித்தவர்கள் வரட்டும்.

2013இல் அரசு போட்ட ஆட்டோ கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. இப்போது ஒருவர் ஒரு கிலோமீட்டர் போகிறார், இன்னொருவர் ஒன்றரை போகிறார். இருவருக்கும் 25. இரண்டு அம்பு, ஒரே இடம். யாராவது சண்டைக்கு வருவார்களா? வரமாட்டார்கள்.

அதே ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒருவரிடம் 25, அடுத்தவரிடம் 80 கேட்டுப் பாருங்கள். ஒரே தூரத்திலிருந்து இரண்டு அம்பு கிளம்புகிறது. எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நடக்கிற அத்தனை சண்டையும் அந்த இரண்டாவது அம்பால்தான். மீட்டர் சார்பு. வாயால் சொல்லும் கூலி வெறும் உறவு.

நீங்கள் மீட்டர் போடுவீர்களா என்று யாரும் கேட்க வேண்டாம். பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அம்பத்தூர்

ஆட்டோ தம்பி, உங்களை என் வகுப்பில் உட்கார வைக்காமல் போனேனே. இரவு 11 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது தூரம் மட்டும் போதாது, நேரமும் தெரிந்தால்தான் கட்டணம் சொல்ல முடியும். அதற்கும் சார்பு என்றுதான் பெயர். உள்ளே போவது ஒன்றுக்குப் பதில் இரண்டு, அவ்வளவே.

அம்மா, உங்கள் மகளின் பூஜ்யத்துக்கு வருகிறேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் தமிழ்ச் சொல். 'சார்பு', 'சார்ந்த' என்று காதில் விழுந்ததும் ஒன்றால் மற்றொன்று உண்டாகிறது, ஒன்று மற்றொன்றின் தயவில் நிற்கிறது என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். கொடி பந்தலைச் சார்ந்திருப்பது போல. இயற்கணிதத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் கிடையாது. இதைச் சொன்னால் அதை ஒரே ஒரு விடையாகச் சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் அது இதைச் சார்ந்தது. எதனால் எது உண்டாயிற்று என்பது உயிரியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவரிடம் போனாலும் கையால் உயரமும் இல்லை, உயரத்தால் கையும் இல்லை, இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்து வளர்கின்றன என்பார்.

ஆகவே எது சாரா மாறி என்பது உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் விஷயம் அல்ல. நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. எங்கேயோ ஓர் எலும்பு கிடைக்கிறது, ஆளைக் காணோம். தடயவியல்காரர் எலும்பின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணிக்கிறார். அவருக்குக் கைதான் எக்ஸ். உங்கள் வாடிக்கையாளர் போனில் 'அக்கா, நான் அஞ்சடி மூணு இன்ச், ஒரு சுடிதார் தைத்து வையுங்கள்' என்கிறார். நீங்கள் உயரத்தை வைத்துக் கை நீளத்தை யூகிக்கிறீர்கள். உங்களுக்கு உயரம்தான் எக்ஸ். இருவரும் பார்ப்பது ஒரே மனித உடம்பை.

அந்தக் கணக்கையே கடைசி வரை போட்டுப் பாருங்கள். கை நீளத்தை 0.9ஆல் பெருக்கி 24.5 கூட்டினால் உயரம் வரும். 40 சென்டிமீட்டர் கைக்கு 60.5 அங்குலம். கடைசி உட்பிரிவில் என்ன கேட்கிறார்கள்? 53.3 அங்குல உயரம் உள்ளவரின் கை நீளம் எவ்வளவு என்று. 53.3இல் 24.5 போனால் 28.8; அதை 0.9ஆல் வகுத்தால் 32. இதில் உயரம் கொடுக்கப்பட்டது, கை கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது உங்கள் மகள் எழுதிய திசை! ஒரே கணக்குக்குள் இரண்டு திசையும் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை.

எல்லாவற்றையும் இப்படித் திருப்ப முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் 37 செல்சியஸ் என்றால் 98.6 ஃபாரன்ஹீட், 98.6 என்றால் 37. எந்தப் பக்கம் போனாலும் ஒரே விடை. இது ஒன்றுக்கொன்றான சார்பு. ஆட்டோவில் அது நடக்காது. 25 ரூபாய் கொடுத்தேன், எவ்வளவு தூரம் போனேன் என்று கேட்டால் அரைக் கிலோமீட்டரும் ஆகலாம், ஒன்றே முக்காலும் ஆகலாம். தூரத்திலிருந்து கட்டணம் சார்பு. கட்டணத்திலிருந்து தூரம் சார்பு அல்ல. ஆக அம்புக்குறியின் ஓரவஞ்சனை நிஜம்தான், ஆனால் அது அம்பு கிளம்பும் பக்கத்துக்கு மட்டும். கிளம்புகிறவர் ஒருவர் விடாமல் கிளம்ப வேண்டும், ஆளுக்கு ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் கூட்டம் சேரலாம், காலியாகவும் கிடக்கலாம். புத்தகத்தில் கிளம்பும் கணத்துக்கு மதிப்பகம் என்றும், அம்பு விழக்கூடிய கணம் முழுவதற்கும் துணை மதிப்பகம் என்றும், அதில் உண்மையாகவே அம்பு விழுந்த பகுதிக்கு வீச்சகம் என்றும் போட்டிருப்பார்கள்.

பூஜ்யம் நியாயமா என்று கேட்டால்: இளம் வயதில் நானும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். கேள்வியில் கை எக்ஸ், உயரம் ஒய் என்று தெளிவாகக் கொடுத்த பிறகு விடை அதுதானே. இப்போதானால் பாதி மதிப்பெண் போட்டு, அந்தப் பெண்ணை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் பேசியிருப்பேன். காரணம் எழுதியிருக்கிறாளே அம்மா. என் வகுப்பில் காரணம் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் ஒன்று, தெரிந்தால் நன்றாக இருக்கும். இந்தக் கருத்து பெரியவர்களுக்கே மெதுவாகத்தான் பிடிபட்டது. நாம் சார்பு என்று தமிழாக்கிய 'ஃபங்ஷன்' என்ற சொல்லை லைப்னிட்ஸ் என்ற கணித மேதை 1673இல் வளைகோடுகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். எஃப் போட்டு அடைப்புக்குறிக்குள் எக்ஸ் எழுதும் வழக்கம் 1734இல் ஆய்லரிடமிருந்து வந்தது. அப்போதெல்லாம் சார்பு என்றால் ஒரு சூத்திரம் இருக்க வேண்டும் என்ற நினைப்பு. 1837இல் டிரிஷ்லே வந்துதான், சூத்திரம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஓர் ஒய் இருந்தால் போதும் என்றார். லைப்னிட்ஸிலிருந்து அதுவரை 164 வருஷம். உங்கள் மகளுக்கு ஒரு வாரம் கூடுதலாக ஆனால் குற்றமில்லை.

சூத்திரம் ஒன்றாக இல்லாத சார்புக்குக் கரண்ட் பில்லையே சொல்லலாம். யூனிட் எக்ஸ், பில் ஒய். யூனிட் கூடக் கூட, படிப்படியாகக் கொஞ்சம் கொஞ்சமாக பில்லும் ஏறும்.

கிண்டி, ரெண்டாம் வருஷம்

சார், மன்னிக்கவும், கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, ஓர் இடத்தில் குதிக்கும். வாடகை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டு பில் கட்டுகிறோம், அதனால் இந்தக் குதி எனக்கு மனப்பாடம்.

2022 செப்டம்பரில் வந்த கட்டண அட்டையையே எடுத்துக்கொள்கிறேன், எண்கள் முழுசாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் முடிந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட் 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6. சரியாக 500 ஓடினால் 225, 900, 600, மொத்தம் 1,725 ரூபாய்.

501 ஆகிவிட்டால் வேறு அட்டவணை. முதல் 100 இலவசம்தான், ஆனால் அந்த 2.25 காணாமல் போய்விடும், 101இலிருந்தே 4.50. அப்போது 1,350, 600, கடைசி ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

இவ்வளவு குதித்தாலும் இது சார்புதான். 501 யூனிட் ஓட்டியவர் யாராக இருந்தாலும் அதே 1,958. வரைபடம் போட்டு எங்கே குத்துக்கோடு கிழித்தாலும் ஓரிடத்தில்தான் வெட்டும்.

அக்கா, உங்கள் மகளிடம் இதைக் கேளுங்கள்: அந்த அட்டைப்படி சரியாக 1,800 ரூபாய் பில் யாருக்காவது வருமா? வராது. 1,725க்கும் 1,958க்கும் நடுவில் பில்லே கிடையாது. ஒய் பக்கம் எல்லாத் தொகையும் எழுதி வைத்தால் அது துணை மதிப்பகம். உண்மையில் பில்லாக வரும் தொகைகள் மட்டும் வீச்சகம். சார் 'காலியாகக் கிடக்கலாம்' என்றது இதைத்தான். பள்ளியில் படித்தபோது இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை. பில்லைப் பார்த்துத்தான் உறைத்தது.

உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. புத்தகத்து அட்டவணையில் நாலே ஜோடி, எந்தக் கை நீளமும் இரண்டு முறை வரவில்லை. அதனால் அந்த நாலு ஜோடி சார்பு. நிஜ மனிதர்களை அளந்தால் நீங்கள் சொல்வது போல் ஒரே கைக்கு இரண்டு உயரம் வரும், அது உறவு மட்டுமே. 0.9 சூத்திரம் அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே இழுத்த கோடு. கோடு சார்பு, கூட்டம் சார்பு இல்லை. உங்களிடம் டேப் இருக்கிறதே, அளந்து பாருங்களேன்.

தையல் அக்கா, திருவல்லிக்கேணி

அளந்துவிட்டோம். முதலில் ஒரு கூத்து நடந்தது, அதைச் சொல்கிறேன்.

முன்னங்கை என்றால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என்று எடுத்துக்கொண்டு என் கையை அளந்தேன். 24 சென்டி. 0.9ஆல் பெருக்கி 24.5 கூட்டினால் 46 இன்ச் சொச்சம். நாலு அடிகூட இல்லை! நான் 61 இன்ச். புத்தகமே தப்பு என்று மகள் குதித்தாள். எனக்குத்தான் சந்தேகம் வந்தது. 45 சென்டி, 50 சென்டி என்று போட்டிருக்கிறார்களே, மணிக்கட்டு வரை யாருக்கு அவ்வளவு நீளம் இருக்கும்? நடுவிரல் நுனி வரை நீட்டி அளந்தேன். 41. கணக்குப் போட்டால் 61.4. சரியாக வந்துவிட்டது. அது வேறொன்றும் இல்லை, முழம்தான்! இத்தனை நாள் முழம் போட்டுப் பூ வாங்கிக்கொண்டு அது எக்ஸ் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பிறகு மகள், என்னிடம் தையல் பழக வரும் பெண், எதிர் வீட்டுப் பாட்டி என்று எல்லோரையும் அளந்து நோட்டில் எழுதினோம். மகளுக்கு முழம் 42, உயரம் 60.5. பழக வரும் பெண்ணுக்கும் 42, ஆனால் உயரம் 63. சூத்திரம் 62.3 என்கிறது, இருவருக்கும் நடுவே. 42இலிருந்து இரண்டு அம்பு. கிண்டி தம்பி சொன்ன கூட்டமும் கோடும் அங்கேயே தெரிந்தது.

துணியையும் பேசினோம். மார்புச் சுற்றளவு 34 என்றாலும் 36 என்றாலும் ரவிக்கைக்கு 80 சென்டி வாங்கி வரச் சொல்கிறேன். 42, 44 என்றால் ஒரு மீட்டர். சுற்றளவு சொன்னால் துணி சொல்லிவிடுவேன். துணியை மட்டும் கொடுத்து 'அளவு என்ன' என்றால் சொல்ல முடியாது. அளவு ரவிக்கை கொண்டு வாருங்கள் என்று நான் தினமும் கத்துவது இதற்குத்தானா என்று மகள் கேட்கிறாள்.

பள்ளிக்கும் போய்வந்தேன். மதிப்பெண் மாறவில்லை. கேள்வியில் எக்ஸ் எது என்று கொடுத்திருக்கிறதே என்றார் ஆசிரியை. சரி, அம்பத்தூர் ஐயாவும் அதைத்தானே சொன்னார். ஆனால் மகள் அந்த 53.3 உட்பிரிவைக் காட்டி 'இங்கே மட்டும் எது சாரா மாறி டீச்சர்?' என்று கேட்டாளாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம். பார்ப்போம்.

மீட்டர் அண்ணன், புரசைவாக்கம்

முழம் என்று சொல்லிவிட்டீர்கள், இனி சும்மா இருக்க முடியாது. பூக்கடையில் அளந்தீர்களா இல்லையா?

தையல் அக்கா, திருவல்லிக்கேணி

அளக்காமல் இருப்பேனா அண்ணா. பார்த்தசாரதி கோயில் பக்கம் வழக்கமாக வாங்கும் பூக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி டேப் வைத்தேன். 40 வந்தது. உடனே ஒரு முழம் மல்லி வாங்கி வீட்டில் வந்து அளந்தோம். 35. மறுநாள் இன்னொரு முழம், அது 36.

ஒரே கை, மூன்று முழம். மகள் நோட்டில் அந்தம்மா பெயரிலிருந்து மூன்று அம்பு போட்டுவிட்டு, பக்கத்தில் 'சார்பு அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறாள்.